உள்ளே இருந்தவர்களின் சபை

பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்போம். 1919 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, டப்ளின் மேயரின் இல்லமான மேன்ஷன் ஹவுஸில் கூடிய ஒரு சபையிலும் அப்படித்தான் பெயர் வாசித்தார்கள். ஆனால் பெயருக்குப் பெயர் எழுத்தரே பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. 'அந்நியரின் பூட்டுக்குள்' என்று ஐரிஷ் மொழியில் ஒரு பதில். 34 பேருக்கு அதே பதில். நம் பேச்சில் ஒருவர் 'உள்ளே இருக்கிறார்' என்றால் என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தில் சபையில் சரிபாதிப் பேர் உள்ளேதான் இருந்தார்கள். மொத்தம் 69 பேரில் மண்டபத்துக்கு வந்ததாகக் கணக்கு 27 பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் அவர்களைப் போலப் பல மடங்கு.

பட்டியலில் எதிராளிகளின் பெயர்களும் இருந்தன. அயர்லாந்திலிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான அத்தனை பேருக்கும் அழைப்பு போயிருந்தது. ஆகவே எட்வர்ட் கார்சனின் பெயரும் வாசிக்கப்பட்டது. அயர்லாந்து பிரிட்டனை விட்டுப் போகவே கூடாது என்று அல்ஸ்டர் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கியவர் கார்சன். 'வரவில்லை' என்று எழுத்தர் சொன்னதும் மண்டபம் சிரித்தது. பதிவேட்டில் ஒரு பொய்யும் உண்டு. மைக்கேல் காலின்ஸ், ஹாரி போலண்ட் என்ற இருவர் பெயரை வாசித்தபோது வேறு யாரோ குரல் கொடுத்தார்கள். வந்ததாகவே பதிவானது. அந்த இருவரும் அப்போது இங்கிலாந்தில் ஒரு சிறையை உடைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதை பிறகு.

இந்தச் சபைக்குப் பெயர் டாயில் ஏரன். டாயில் என்றால் அவை. ஏரன் என்றால் அயர்லாந்தினுடைய. அதற்கென்று கஜானா கிடையாது, காவல் நிலையம் கிடையாது, ஒரு தபால்பெட்டிகூடக் கிடையாது. லண்டன்காரர்களின் கண்ணுக்கு இது பிள்ளைகள் சொப்பு வைத்துச் சோறு பொங்கும் விளையாட்டு. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த விளையாட்டுத்தான். இவர்கள் சோறு பொங்குவதாகப் பாவனை செய்தார்கள். ஊரார் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

யோசனை முளைத்த இடம் அயர்லாந்தே இல்லை, ஹங்கேரி. ஆர்தர் கிரிஃபித் என்ற டப்ளின் அச்சுக்கோப்பாளர் பத்திரிகையாசிரியராக மாறியவர். 1904-இல் தன் பத்திரிகையில் ஹங்கேரியின் கதையைத் தொடராக எழுதினார். 1860களில் ஹங்கேரியர்கள் வியன்னாவில் இருந்த பேரரசின் மன்றத்துக்குப் பிரதிநிதிகளை அனுப்ப மறுத்து ஊரிலேயே இருந்துவிட்டார்கள். 1867-இல் ஆஸ்திரியா இறங்கிவந்து அவர்களுக்குத் தனி நாடாளுமன்றம் கொடுத்தது. நாமும் ஏன் லண்டனுக்குப் போக வேண்டும்? ஜெயிப்போம், ஆனால் அங்கே போகாமல் டப்ளினிலேயே கூடுவோம். கிரிஃபித்தின் யோசனை இவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை, கிரிஃபித் குடியரசு கேட்கவில்லை. ஹங்கேரியைப் போலவே ராஜா ஒருவர், நாடாளுமன்றம் இரண்டு என்பதுதான் அவர் கணக்கு. 1905-இல் அவர் தொடங்கிய ஷின் ஃபெய்ன் இயக்கத்தின் பெயருக்கு 'நாமே' என்று பொருள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1916 ஏப்ரலில் ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் ஆயுதக் கிளர்ச்சி. ஒரே வாரத்தில் அடக்கப்பட்டது. கிளர்ச்சிக்காரர்களைத் திட்டிய டப்ளின் மக்களே, தலைவர்களைச் சிலர் சிலராகச் சுட்டுக் கொன்றதும் மனம் மாறிப்போனார்கள். அதே 1916-இல்தான் சென்னை அடையாறில் அன்னி பெசண்ட் ஹோம் ரூல் (தன்னாட்சி) லீகைத் தொடங்குகிறார். பெயர் அயர்லாந்திலிருந்து எடுத்த இரவல். நாம் இரவல் வாங்கிய நேரத்தில் கொடுத்த வீட்டில் அந்தப் பெயருக்கு மவுசு போய்விட்டிருந்தது. டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த வி. வி. கிரி, அங்கே புரட்சிக்காரர்களோடு பழகிய குற்றத்துக்காக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டதும் அதே வருஷம்.

1918 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு ஐரிஷ்காரர்களையும் கட்டாயப் படைச் சேர்ப்புக்குள் கொண்டுவரச் சட்டம் செய்தது. ஷின் ஃபெய்னுக்கு அதைவிடப் பெரிய தேர்தல் பிரசாரம் யாரும் செய்து கொடுத்திருக்க முடியாது. அடுத்த மாதமே, ஜெர்மனியோடு சதி என்று சொல்லி அதன் தலைவர்களை அள்ளிக்கொண்டு போய் இங்கிலாந்துச் சிறைகளில் போட்டார்கள். டிசம்பர் 14 தேர்தலுக்குள் வாக்காளர் தொகையும் மாறியிருந்தது. 21 வயதான ஆண்கள் அனைவருக்கும், 30 வயது தாண்டிய பெண்களில் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கும் வாக்கு வந்ததால், சுமார் 7 லட்சமாக இருந்த அயர்லாந்து வாக்காளர்கள் கிட்டத்தட்ட 20 லட்சமானார்கள். மொத்தம் 105 இடம். ஷின் ஃபெய்ன் 73. நாற்பது வருஷமாக லண்டனில் கோலோச்சிய பழைய ஐரிஷ் கட்சிக்கு அயர்லாந்தில் மிஞ்சியவை ஆறே இடம். சிலர் இரண்டு தொகுதிகளில் வென்றதால் 73 இடத்துக்கு ஆள் 69. இதையும் சொல்ல வேண்டும்: ஷின் ஃபெய்னின் இடங்களில் 25-க்குப் போட்டியே இல்லை, போட்டி நடந்த தொகுதிகளில் அது பெற்ற வாக்கு பாதிக்குச் சற்றுக் குறைவு. நாடே ஒரே குரலில் சொன்னது என்று பின்னால் மேடைகளில் பேசியதில் கொஞ்சம் மேடைச் சுருதி உண்டு.

வென்றவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் மார்க்கியவிச். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தபடி ஜெயித்தார். அங்கிருந்து நாடாளுமன்றம் ஒரு வண்டிச் சவாரி தூரம்தான். விடுதலையான பிறகும் உறுப்பினராக அங்கே போய் உட்காரவே இல்லை.

ஜனவரி 21-க்கு வருவோம். அன்று மதியம் அதே மேன்ஷன் ஹவுஸில் வேறொரு விருந்து. ஜெர்மனியில் போர்க்கைதிகளாக இருந்து திரும்பிய ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் படைவீரர்கள் சில நூறு பேருக்கு வரவேற்புச் சாப்பாடு. பிரிட்டிஷ் ராஜாவுக்காகப் போரிட்டுவிட்டு வந்த டப்ளின் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து ஒரு பக்கம் வெளியேற, அந்த ராஜாவே வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள் இன்னொரு பக்கம் உள்ளே நுழைந்தார்கள். எந்த நாவலாசிரியராவது இதை எழுதியிருந்தால் மிகை என்று நான் அடித்திருப்பேன்.

சபை சுமார் இரண்டு மணி நேரம் நடந்தது. கஹல் ப்ரூ தலைமை. நடவடிக்கை பெரும்பாலும் ஐரிஷ் மொழியில். உறுப்பினர்களிலேயே பலருக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வரும். விடுதலைப் பிரகடனம் ஐரிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளில் வாசிக்கப்பட்டது. பிரெஞ்சு எதற்கு? மூன்று நாள் முன்புதான் பாரிஸில் சமாதான மாநாடு தொடங்கியிருந்தது. சிறு தேசங்களின் உரிமை என்று அமெரிக்க அதிபர் வில்சன் பேசியதை இவர்கள் நம்பினார்கள். ஷான் டி. ஓ'கெல்லியைத் தூதராகப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அவர் கடிதமாக எழுதிக் குவித்தார். கதவு திறக்கவில்லை.

பிரகடனத்தைவிட எனக்கு ருசிகரமாகப் படுவது அன்று நிறைவேறிய சின்ன அரசியல் சட்டம். ஐந்தே பிரிவு. அமைச்சர்கள் சபைக்குப் பொறுப்பு. செலவுக்குப் பணம் சபை ஒதுக்க வேண்டும். கணக்கைத் தணிக்கையாளர் பார்க்க வேண்டும். தணிக்கையாளர் சபை உறுப்பினராக இருக்கக் கூடாது. கையில் காசில்லாதபோதே தணிக்கைக்கு விதி எழுதியவர்கள்! சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் நெருப்பு வரும்முன் அடுப்பைச் சரியாகக் கட்டிவைத்த புத்தி அது.

'ஜனநாயகத் திட்டம்' என்று இன்னோர் ஆவணம். தொழிலாளர் கட்சியின் தாமஸ் ஜான்சன் எழுதிக் கொடுத்தது. அவர் கட்சி தேர்தலில் ஒதுங்கி நின்று வழிவிட்டதற்குக் கைம்மாறு என்றும் சொல்லலாம். சொத்துரிமை பொதுநலனுக்குக் கீழ்ப்பட்டது, எந்தக் குழந்தையும் பசியில் வாடக் கூடாது என்றெல்லாம் இருந்தது. ஷான் டி. ஓ'கெல்லி அதன் காரத்தைக் குறைத்துத் திருத்தினார், சபை ஏகமனதாக நிறைவேற்றியது, அத்தோடு மறந்தது. அதே சாயலில், நீதிமன்றத்தில் வழக்காட முடியாத நெறிமுறைகளாக 1937 ஐரிஷ் அரசியல் சட்டத்தில் சில வாசகங்கள் வந்தன. நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு மாதிரி அங்கிருந்து வந்ததுதான்.

அதே செவ்வாய்க்கிழமை டிப்பரெரி மாவட்டத்தில் சோலோஹெட்பெக் என்ற இடத்தில் வெடிமருந்து வண்டிக்குக் காவல் போன இரண்டு போலீஸ்காரர்களை, விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய தொண்டர் படையினர் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் ஐரிஷ்காரர்களே. சபையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சபை ஒருபுறம், துப்பாக்கி ஒருபுறம் என்றுதான் இந்தத் தேசம் பிறந்தது. 1919 ஆகஸ்டில், தொண்டர் படையும் டாயிலுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று ப்ரூ தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் படை பிரிட்டனோடு நடத்திய போருக்கு நாங்களே பொறுப்பு என்று சபை ஒப்புக்கொண்டதோ 1921 மார்ச்சில். அதற்குள் போர் கிட்டத்தட்ட முடியும் தறுவாய்.

இனி சாவிக் கதை. ஷின் ஃபெய்னின் தலைவர் ஏமன் டி வேலரா லிங்கன் நகரச் சிறையில் இருந்தார். சிறைக் கோயிலில் பூசைக்கு எடுபிடி வேலை பார்த்தபோது பாதிரியாரின் சாவியை உருகிய மெழுகில் அழுத்தி அச்சு எடுத்தார். அதன் வடிவத்தைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் கேலிச் சித்திரமாக வரைந்து வெளியே அனுப்பினார்கள். கேக்குக்குள் வைத்து வந்த சாவி சேரவில்லை. மறுபடி கேக், மறுபடி சேரவில்லை. கடைசியில் வெட்டப்படாத சாவியும் அரமும் கேக்கில் வந்தன, உள்ளேயே ராவிக்கொண்டார்கள். 1919 பிப்ரவரி 3 இரவு காலின்ஸ் வெளிக்கதவில் தன் மாற்றுச்சாவியைப் போட்டுத் திருக, அது பூட்டுக்குள்ளேயே முறிந்தது. டி வேலரா உள்பக்கமிருந்து தன் சாவியால் உடைந்த துண்டைத் தள்ளிவிட்டுத் திறந்தார். ஏப்ரல் 1 அன்று டாயில் அவரைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. மார்ச்சிலேயே மற்றக் கைதிகளையும் விட்டுவிட்டிருந்தார்கள். பியர்ஸ் மெக்கான் என்ற உறுப்பினர் குளோஸ்டர் சிறையில் காய்ச்சலில் இறந்துபோக, மேலும் சாவு வேண்டாம் என்று அரசு பயந்திருக்க வேண்டும். இப்போது சபைக்கு 52 பேர் வந்தார்கள். மார்க்கியவிச் தொழிலாளர் துறை அமைச்சர். காலின்ஸ் நிதி.

நிதி அமைச்சருக்கு நிதி வேண்டாமா? காலின்ஸ் கடன் பத்திரம் விற்றார். உள்நாட்டில் 2,50,000 பவுண்டு இலக்கு. வந்தது 3,70,000 பவுண்டு அளவுக்கு. விளம்பரம் போட்ட பத்திரிகைகளை அரசு மூடியது. காலின்ஸ் ஒரு சின்ன சினிமாவே எடுத்தார். அவர் பணம் வாங்கிப் பத்திரம் கொடுக்கும் காட்சி. மேசையாக இருந்தது, 1803-இல் தூக்கிலிடப்பட்ட ராபர்ட் எம்மெட்டின் தலையை வெட்டிய கட்டை. அமெரிக்கா போன டி வேலரா 50 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். அதில் 20,000 டாலரை ஹாரி போலண்ட் நியூயார்க்கில் சோவியத் ரஷ்யாவின் பிரதிநிதிக்குக் கைமாற்றாகக் கொடுத்து, ஈடாக ஜார் மன்னரின் நகைகளை வாங்கி வைத்துக்கொண்டார். உலகம் அங்கீகரிக்காத ஒரு நாடு அங்கீகரிக்காத இன்னொரு நாட்டுக்கு அடகுக்கடை நடத்தியிருக்கிறது! நகைகள் டப்ளினில் போலண்டின் அம்மா வீட்டில் பல வருஷம் பத்திரமாகக் கிடந்து, மூன்று பத்தாண்டு கழித்துத்தான் திரும்பிப் போயின. உள்நாட்டுக் கடனைத் திருப்பித் தர 1924-இல் முறையாகச் சட்டமே போட்டார்கள். எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே இல்லை. இந்தப் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று துப்புத் துலக்கிய ஆலன் பெல் என்ற வயதான மாஜிஸ்திரேட்டை 1920 மார்ச்சில் காலை டிராமிலிருந்து இறக்கி நடுத்தெருவில் சுட்டார்கள். உத்தரவு நிதி அமைச்சருடைய ஆட்களிடமிருந்து வந்தது.

1919 செப்டம்பரில் டாயில் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் சபை கூடுவதே அரிது, கூடினாலும் ரகசியமாக. அமைச்சகங்கள் டப்ளின் தெருக்களில் பொய்ப்பலகை மாட்டிய அறைகளில் இருந்தன. ஆனால் ஊர்நாட்டில் நடந்தது வேறு. 1920 வசந்தத்தில் மேற்குப் பகுதிகளில் நிலமில்லாதவர்கள் பெரும்பண்ணைகளின் மாடுகளை விரட்டிவிட்டு நிலத்தைப் பிடிக்கத் தொடங்கினார்கள். போலீஸ்காரர்கள் சிற்றூர்க் காவல் நிலையங்களைக் காலிசெய்து நகரங்களுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். யாரிடம் போவது? டாயில் நீதிமன்றங்கள் அந்த வெற்றிடத்தில் முளைத்தன. ஊருக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. பாதிரியார், வாத்தியார், கடைக்காரர் என்று ஊரில் மதிப்புள்ளவர்கள் நீதிபதிகள், பெண்களும் உட்கார்ந்தார்கள். கொட்டகையிலும் பள்ளிக்கூடத்திலும் விசாரணை. ஆங்கிலேயச் சட்ட நூல்களை மேற்கோள் காட்டத் தடை. பழைய ஐரிஷ் சட்டங்களையும் ரோமானியச் சட்டத்தையும் நெப்போலியன் சட்டத்தையும் காட்டலாம். இருந்தாலும் தீர்ப்புகளில் பெரும்பாலும் பழக்கப்பட்ட சட்டமே வழங்கியது.

அங்கே ஏழைகளே ஜெயித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மேயோ மாவட்டத்தில் சிறுவிவசாயிகள் கேட்ட நிலம் பண்ணைக்காரருக்கே என்று தீர்ப்பானது. அவர்கள் ஏற்கவில்லை, தொண்டர்கள் பிடித்துக்கொண்டு போய் ஏரித் தீவொன்றில் வைத்தார்கள். சிறைச்சாலை இல்லாத குடியரசுக்குத் தீவுதான் சிறை. தீவில் விடப்பட்ட கைதிகளை மீட்கப் படகில் போன போலீஸை, "நாங்கள் குடியரசின் கைதிகள், நீங்கள் யார்?" என்று அவர்களே கல்லெறிந்து விரட்டியதாக ஒரு கதை அப்போது நாடெங்கும் உலவியது. பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்த நிலக்கிழார்கள்கூட இந்தக் கோர்ட்டுக்கு மனுப்போட வந்தார்கள். அங்கேதான் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. 1920 கோடையில் பல ஊர்களில் ராஜாவின் நீதிபதிகள் கவுனும் பொய்முடியுமாக வந்து உட்கார்ந்தார்கள். வழக்காட ஆளில்லை, ஜூரிகள் வரவில்லை. அந்தக் காலி நாற்காலிகளைத்தான் இந்தச் சபையின் உண்மையான வெற்றியென்று நான் கருதுகிறேன். அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தல்களில் வென்ற கவுன்சில்களும் கணக்குப் புத்தகங்களை பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு டாயிலுக்கு அனுப்பத் தொடங்கின.

1921 ஜூலை 11 போர்நிறுத்தம். டிசம்பர் 6 லண்டனில் உடன்படிக்கை. கிடைத்தது குடியரசு இல்லை. ராஜாவுக்கு விசுவாசம் சொல்லும் சுயாட்சி நாடு. வடக்கே ஆறு மாவட்டங்கள் ஏற்கெனவே பிரிந்திருந்தன. சபை கிறிஸ்துமஸுக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் வாதாடி, 1922 ஜனவரி 7 அன்று வாக்கெடுத்தது: ஆதரவு 64, எதிர்ப்பு 57. ஆறு பெண் உறுப்பினர்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஜூன் மாதம் உடன்படிக்கையை ஏற்று அமைந்த அரசுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர். முதல் நாள் சபைக்குத் தலைமை தாங்கிய ப்ரூ ஜூலை 7 அன்று அரசுப் படையின் குண்டுக்காயத்தில் இறந்தார். வராமலே வருகை பெற்ற இருவரில் போலண்ட் ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசுப் படையினராலும், காலின்ஸ் ஆகஸ்ட் 22 அன்று எதிரணியினராலும் சுடப்பட்டு இறந்தார்கள். ஹங்கேரியைப் படித்த கிரிஃபித் இடையில் ஆகஸ்ட் 12 அன்று நோயில் போய்விட்டார்.

அந்தக் கோடையில் இன்னொரு சாவும் உண்டு. பிளங்கெட் பிரபு, முதல் நாள் ப்ரூவைத் தலைமைக்கு முன்மொழிந்தவர், புதிய அரசு பிடித்து வைத்திருந்த தன் மகன் ஜார்ஜை ஆஜர்படுத்தக் கோரி டாயில் நீதிமன்றத்துக்குப் போனார். குரௌலி என்ற நீதிபதி ஆஜர்படுத்த உத்தரவிட்டார். அரசு அந்த நீதிமன்றத்தையே கலைத்துவிட்டது. நீதிபதியையும் பிறகு கைதுசெய்தது. கொட்டகையில் பிறந்த கோர்ட்டை, அதன் தயவில் பிறந்த அரசே ஊற்றி மூடியது.

இன்றும் டப்ளின் நாடாளுமன்றம் தன்னை எண்ணுவது 1919-லிருந்துதான். சட்டவிரோதமான அந்தச் சபை ஒன்றாவது டாயில். 2024 நவம்பரில் தேர்வானது 34-ஆவது. ஆனால் வேறொரு கணக்கு வைத்திருந்தவர்களும் உண்டு. உடன்படிக்கையை ஏற்காத உறுப்பினர்கள் சிலர், 1921-இல் தேர்வான இரண்டாவது டாயில் கலையவே இல்லை, அதுவே உண்மையான அரசு என்று தனியே கூடிக்கொண்டிருந்தார்கள். சாவு அவர்களைக் குறைத்தது. 1938 டிசம்பரில் மிஞ்சிய ஏழு பேர் தங்கள் அதிகாரத்தை ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசுப் படையின் படைக்குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான டாம் மக்வயர் 1993 ஜூலை வரை உயிரோடு இருந்தார். வயது 101. அவர் கணக்கில் அந்தச் சபை கடைசிவரை கலையவில்லை.